பிள்ளை பெற்ற பிறகு ஆன்லைன் ஸ்டைலிஸ்டிடம் உடை ஆலோசனை பெறுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் புது அம்மாக்களுக்கு

பிரசவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் ஆனதும் அலமாரியைத் திறந்தால் எதுவுமே சேராது. பழைய சுடிதார் மார்புப் பக்கம் பிடிக்கும், கர்ப்பத்தில் போட்டது தொளதொளவென்று தொங்கும், கடைசியில் நைட்டி மட்டும்தான் மிஞ்சும். கைக்குழந்தையோடு கடை ஏறி இறங்கி, டிரையல் ரூம் வாசலில் அம்மா குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளே அவசர அவசரமாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. அதனால்தான் வீடியோ காலில் நம்மைப் பார்த்து, என்ன வாங்கலாம் என்று சொல்லும் ஸ்டைலிஸ்ட்டுகளைத் தேடிப் போகிறோம். நல்ல வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இந்தச் சேவைகள் பெரும்பாலும் பெங்களூரு, மும்பை ஆட்களை மனதில் வைத்து நடக்கின்றன. பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ பால் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தானாகத் தெரியாது. எனக்கு வந்த முதல் பட்டியலில் பாதி டாப்ஸுக்கு ஜிப் முதுகுப் பக்கம் இருந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன் என்று படிவத்திலேயே எழுதியிருந்தும் அப்படித்தான் வந்தது. அந்தச் சிக்கல்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்த்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் எந்த வகைச் சேவை என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வகை உண்டு. ஒன்று, ஆலோசனை மட்டும்: அரை மணி அல்லது ஒரு மணி நேரம் வீடியோ காலில் பேசுவார்கள், பிறகு என்னென்ன வாங்கலாம் என்று படங்களோடும் லிங்க்குகளோடும் ஒரு பட்டியல் அனுப்புவார்கள், துணியை நாம்தான் வாங்க வேண்டும். இரண்டாவது, அவர்களே துணிகளைத் தேர்ந்தெடுத்துப் பெட்டியில் அனுப்புவது, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம். மூன்றாவது, ஷாப்பிங் ஆப்களுக்குள்ளேயே இருக்கும் ஏஐ உதவியாளர். இதற்குக் காசு இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் யாராவது ஸ்டிட்ச் ஃபிக்ஸ் பற்றிச் சொல்லியிருப்பார்கள். படிவம் நிரப்பினால் ஐந்து உருப்படி வீட்டுக்கு வரும், 20 டாலர் ஸ்டைலிங் கட்டணம், ஏதாவது வாங்கினால் அந்த 20 டாலரைக் கழித்துக்கொள்வார்கள். அது இங்கே டெலிவரி கிடையாது. இந்தியாவில் அதே மாதிரி பெட்டி அனுப்புகிறோம் என்பவர்களிடம் திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். நம் ஊர்களில் இருந்து ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்புவது பெரிய வேலை. வீட்டுக்கே வந்து எடுத்துப் போக ஆள் வராவிட்டால் பச்சை உடம்போடு டவுனுக்கு யார் தூக்கிக்கொண்டு போவது?

என் கருத்து, நம் பக்கம் இருப்பவர்களுக்கு முதல் வகைதான் சரி. யோசனைக்கு மட்டும் காசு கொடுங்கள், துணியை நீங்களே, திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதி உங்கள் பின்கோடுக்கு இருக்கும் இடத்தில் வாங்குங்கள்.

2. எப்போது ஆரம்பிக்கலாம்

முதல் இரண்டு மாதம் வேண்டாம். கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஏறக்குறைய 6 வாரம் ஆகும், பால் கட்டி மார்பு அளவு நாளுக்கு நாள் மாறும். அந்த நேரத்தில் எடுத்த அளவை வைத்து வாங்கினால் அடுத்த மாதமே உதவாது. அதுவரைக்கும் முன்பக்க ஜிப் வைத்த பருத்தி நைட்டி போதும், அதற்கு ஸ்டைலிஸ்ட் தேவையில்லை.

வேலைக்குத் திரும்பப் போகிறவர்கள் மட்டும் தேதியைப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் பேறுகால விடுப்பு என்பது 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த சட்டம். அதில் பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் வரை எடுத்திருந்தால் குழந்தை பிறந்த பிறகு மிச்சம் இருப்பது நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஓசூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் இருப்பவர்கள், வேலையில் சேரும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பு ஸ்டைலிஸ்டிடம் பேசினால் வாங்கி, மாற்றி, டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துத் தைக்கும் வரைக்கும் நேரம் இருக்கும். பேர் வைக்கிற விசேஷம், காதுகுத்து என்றால் ஒரு மாதம் முன்பு.

3. அளவு எடுப்பது (இதைச் செய்யாமல் யாருக்கும் காசு அனுப்பாதீர்கள்)

மொத்த வேலையில் முக்கியமானது இதுதான். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். டெய்லர் வைத்திருப்பாரே இன்ச் டேப், அதை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அம்மாவையோ நாத்தனாரையோ பிடித்து அளக்கச் சொல்லுங்கள். நாமே நமக்கு எடுத்தால் டேப் முதுகுப் பக்கம் இறங்கிவிடும்.

எடுக்க வேண்டியவை: மார்புச் சுற்றளவு, மார்புக்குக் கீழே விலா எலும்பின் மேல் சுற்றளவு, இடுப்பு, அதற்குக் கீழே அகலமான இடத்தில் ஒரு சுற்று, தோள்பட்டை அகலம், மேல்கைச் சுற்று, கழுத்தடியில் இருந்து முழங்கால் வரை நீளம். மார்பு அளவை மட்டும் இரண்டு தடவை எடுங்கள், பால் கொடுப்பதற்கு முன்பு ஒன்று, கொடுத்து முடித்த பிறகு ஒன்று. டாப்ஸுக்கும் பாலூட்டும் பிராவுக்கும் முதல் அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பால் கொடுக்கும் நேரம் நெருங்கும்போது இறுக்கிப் பிடிக்கும். இறுக்கமான பிராவை நாள் முழுக்கப் போட்டிருந்தால் பால் கட்டிக்கொள்ளவும் கூடும், அழகு இரண்டாம் பட்சம். வயிற்றுக்குத் துணி கட்டியிருந்தால் அளக்கும்போது அவிழ்த்துவிடுங்கள்.

இன்னொன்று. ஆன்லைன் சைஸ் சார்ட்டில் இரண்டு விதம் இருக்கும், உடம்பின் அளவு, துணியின் அளவு. சில இடங்களில் இது எது என்று சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். துணியின் அளவு என்று போட்டிருந்தால் உங்கள் மார்பு அளவைவிடக் குறைந்தது 2 இன்ச் கூட இருக்கிற சைஸைப் பாருங்கள். குழந்தையைத் தூக்கிக் குனிந்து நிமிர்கிற நமக்கு அந்தத் தளர்ச்சி வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் தேதி போட்டு எழுதி, போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நன்றாகச் சேர்கிற டாப்ஸ் ஒன்று இப்போது இருந்தால், டெய்லருக்கு அளவு ஜாக்கெட் கொடுப்போமே, அதே மாதிரி அதைத் தரையில் விரித்து அளந்து அந்தக் கணக்கையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டைலிஸ்ட்டுக்கு உடம்பின் அளவைவிட அதுதான் சுலபமாகப் புரிகிறது.

4. ஆளைத் தேர்ந்தெடுப்பதும் கட்டணமும்

கட்டணம் சில நூறு ரூபாயில் தொடங்கி பல ஆயிரம் வரைக்கும் போகிறது. அதிகம் வாங்குகிறவர் நல்லவர் என்று அர்த்தமில்லை. பணம் அனுப்புவதற்கு முன்பு வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே இவற்றைக் கேளுங்கள், போனில் வாயால் சொல்வதை நம்பிப் பணம் போடாதீர்கள்:

பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு இதற்கு முன்பு செய்திருக்கிறீர்களா? எத்தனை நிமிடம் பேசுவீர்கள்? பட்டியல் எத்தனை நாளில் வரும்? பிடிக்காவிட்டால் எத்தனை தடவை மாற்றித் தருவீர்கள்? குழந்தை அழுது பாதியில் வைக்க வேண்டி வந்தால் மீதி நேரம் இன்னொரு நாள் கிடைக்குமா? சொன்ன தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா?

கடைசிக் கேள்வி முக்கியம். சேவைக்கு 18 சதவீதம் என்று தனியாகச் சேர்த்துக் கேட்கிறவர் ஜிஎஸ்டி எண் போட்ட பில் தர வேண்டும். அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் பெயர் வரும், பில்லில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் இருந்து சின்ன அளவில் செய்கிறவர்கள் பலர் ஜிஎஸ்டி பதிவே செய்திருக்க மாட்டார்கள், அது தப்பில்லை, ஆனால் அப்போது ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கக் கூடாது.

மொழியையும் கேளுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் பெங்களூரு ஸ்டைலிஸ்ட்டோடு சுலபமாகப் பேசிவிடலாம். தமிழில்தான் வரும் என்றால் தமிழ் பேசுகிறவரையே தேடுங்கள். உடம்பைப் பற்றி, தையல் வலியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, அதை ஆங்கிலத்தில் திக்கித் திணறிச் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

இங்கே இரண்டு கண்ணிகள். மாதாமாதம் என்று சொல்லி ஆட்டோபே போடச் சொல்வார்கள், முதல் மாதம் 99 ரூபாய் என்று இருக்கும். 15,000 ரூபாய் வரைக்கும் அடுத்தடுத்த மாதம் ஓடிபி கேட்காமலே எடுத்துக்கொள்ள முடியும். போட்டுவிட்டவர்கள் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் இன்றே நிறுத்திவிடலாம். அடுத்தது, ஆதார், பான் கேட்பது. உடை யோசனை சொல்ல அது எதற்கு? கேட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

5. போட்டோ

முழு உடையோடு, லெக்கின்ஸும் உடம்போடு ஒட்டிய டீஷர்ட்டும் போட்டு, முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்று படம் போதும். முகம் தெரிய வேண்டியதில்லை. உள்ளாடையோடு அனுப்புங்கள், வயிற்றைக் காட்டுங்கள், தழும்பைக் காட்டுங்கள் என்று யார் கேட்டாலும், பெண்ணாக இருந்தாலும், எத்தனை ஆயிரம் பேர் ஃபாலோ செய்தாலும், அனுப்பக் கூடாது, கொடுத்த பணம் போனாலும் போகட்டும். படங்களை வேலை முடிந்ததும் அழிப்பார்களா, உங்களைக் கேட்காமல் தங்கள் பக்கத்தில் போடுவார்களா என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். குழந்தையின் படம் வேண்டவே வேண்டாம்.

6. பேசுவதற்கு முந்தின நாள் அனுப்ப வேண்டிய செய்தி

வீடியோ காலில் போய் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், குழந்தை எப்போது எழும் என்று தெரியாது. நான் அனுப்பிய மாதிரியே ஒன்று எழுதிவைத்து அனுப்புங்கள்:

"எனக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். சிசேரியன். தாய்ப்பால் கொடுக்கிறேன், இன்னும் குறைந்தது ஆறு மாதம் கொடுப்பேன். வீட்டில் மாமனார், மைத்துனர் இருக்கிறார்கள், உறவினர் வந்து போவார்கள், அவர்கள் முன்னால் எழுந்து போகாமல் பால் கொடுக்கிற மாதிரி உடை வேண்டும். துப்பட்டா போடுவேன். கை முட்டி வரை இருக்க வேண்டும். தழும்பின் மேல் எலாஸ்டிக், நாடா அழுத்தக் கூடாது. மிஷினில் துவைக்கிற துணிதான். ஜரிகை, கல், பாசி வைத்தது வேண்டாம், குழந்தையின் முகத்தில் உரசும். மொத்த பட்ஜெட் இவ்வளவு. என் அளவுகள் இவை."

மாமனார், மைத்துனர் விஷயத்தை எழுதக் கூச்சப்படாதீர்கள். இதை எழுதியதும்தான் எனக்கு உருப்படியான பட்டியலே வந்தது. ஸ்டைலிஸ்ட்டுகள் இருக்கும் ஊரில் தனிக்குடித்தனம், அறையில் கதவு சாத்திக்கொண்டு பால் கொடுப்பார்கள், இங்கே கூடத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். கழுத்தில் இருந்து கீழே இறங்கும் ஜிப்பைவிட, மார்பின் இரண்டு பக்கமும் மடிப்புக்குள் மறைந்திருக்கும் ஜிப் வைத்த குர்த்தி நமக்கு ஏன் நல்லது என்பது இதைச் சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும்.

ஊர் வெயிலையும் சொல்லுங்கள். தருமபுரியில் சித்திரை வெயிலுக்கு மெல்லிய பருத்தியைத் தவிர எதுவும் தாங்காது. ஓசூர், தளிப் பக்கம் மார்கழிக் காலையில் ஸ்வெட்டர் வேண்டும், அதுவும் முன்பக்கம் திறக்கிற மாதிரி. தலை வழியாகப் போடுகிற ஸ்வெட்டர் பால் கொடுக்கிறவர்களுக்கு உதவாது.

துணியில் இன்னொரு விஷயம், பால் கசிந்தால் வெளிர் நிற ரேயானில் உடனே தெரியும், அடர்ந்த நிறத்தில் சின்னப் பூப்போட்டது இருந்தால் அவ்வளவாகத் தெரியாது. ரேயான் முதல் சலவையில் சுருங்கவும் செய்யும், ஒரு சைஸ் கூட எடுக்கச் சொல்லியே கேளுங்கள்.

7. பட்டியல் வந்த பிறகு வாங்குவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆர்டர் போடாதீர்கள். ஒரு குர்த்தி, ஒரு பாலூட்டும் பிரா, அவ்வளவுதான் முதலில். ஒரு வாரம் போட்டுத் துவைத்துப் பார்த்து, ஒரு கையால் ஜிப் திறக்க முடிகிறதா, அழுகிற குழந்தையோடு சரிப்படுகிறதா என்று தெரிந்த பிறகு மற்றவை. உள்ளாடைகளைப் பெரும்பாலான கடைகள் திருப்பி எடுக்காது, அதனால் பிராவை மூன்று சேர்ந்த பேக்காக எடுத்துவிடாதீர்கள்.

ஸ்டைலிஸ்ட் தரும் லிங்க் வழியாக நாம் வாங்கினால் பல சமயம் அவருக்குக் கமிஷன் போகும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் அதே குர்த்தி வேறு இடத்தில் என்ன விலை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 2,500 ரூபாய் வரைக்குமான உடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம் என்று 2025 செப்டம்பர் 22 முதல் இருக்கிறது. வீட்டிலும் வேலையிலும் போட்டுத் துவைத்து எடுக்கிற உடைக்கு அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டிய அவசியமே வராது.

இப்போது முகவரி. நம்மில் பலர் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் மாமியார் வீடு திரும்புகிறோம். அம்மா வீட்டு முகவரிக்கு ஆர்டர் போட்டு, அதற்குள் ஊர் மாறிவிட்டால், துணியைத் திருப்பி எடுக்க ஆள் அம்மா வீட்டுக்குத்தான் வருவார். சில ஆப்களில் முகவரியை மாற்றலாம், சிலவற்றில் முடியாது. ஊர் மாறுகிற தேதிக்கு இருபது நாள் முன்பே ஆர்டர் போடுவதை நிறுத்திவிட்டு, போன பிறகு புது முகவரியில் தொடங்குங்கள். போன் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும், கணவர் ஷிப்டில் இருக்கும்போது ஓடிபி அவர் போனுக்குப் போனால் டெலிவரி திரும்பிவிடும்.

பின்கோடு போட்டு, டெலிவரி உண்டா என்று மட்டும் பார்க்காமல் திருப்பி எடுப்பார்களா என்றும் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் டவுனுக்குள் பிரச்சினை குறைவு. பென்னாகரம், அரூர், அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமங்களில் டெலிவரி வரும், திருப்பி எடுக்க வர மாட்டோம், நீங்களே கூரியர் போடுங்கள் என்பார்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், லேபிளைக் கிழிக்காதீர்கள், பணம் திரும்ப எப்படி வரும் என்பதில் "வாலட்" என்று இருந்தால் மாற்றி வங்கிக் கணக்குக்குக் கேளுங்கள். வாலட்டில் விழுந்தால் அதே ஆப்பில்தான் செலவழிக்க முடியும்.

8. பட்டியலை வைத்துக்கொண்டு பர்கூர் போகலாம்

இதை எந்த ஸ்டைலிஸ்ட்டும் சொல்லித் தர மாட்டார். அவர்கள் தருகிற பட்டியலில் உள்ள நிறம், கழுத்து, கை, நீளம் இவைதான் நாம் காசு கொடுத்து வாங்கிய யோசனை. துணியை அந்த லிங்க்கில்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. பர்கூரில் வரிசையாக ஜவுளிக்கடைகள் இருக்கின்றன, வீட்டில் யாரையாவது படத்தோடு அனுப்பிப் பருத்தித் துணி எடுத்து வரச் சொல்லி, உங்கள் டெய்லர் அக்காவிடம் கொடுத்து இரண்டு பக்கமும் மறை ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லலாம். ஜிப்பின் உள்பக்கம் துணிப்பட்டை வைக்கச் சொல்ல மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் குழந்தையின் கன்னத்தில் கீறும். பக்கத் தையலில் இரண்டு இன்ச் துணி உள்ளே விட்டுத் தைத்தால் உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் பிரித்துக்கொள்ளலாம்.

விசேஷத்துக்குப் புடவை என்றால் நேராக டெய்லர்தான். ஜாக்கெட்டுக்குக் கொக்கி முன்பக்கம், உள்ளே துணி தாராளமாக. நிறத்தையும் நகையையும் மட்டும் ஸ்டைலிஸ்டிடம் கேளுங்கள்.

9. ஏமாற்றம் நடந்தால்

பேசிய செய்திகள், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட், பில், பார்சல் பிரித்த வீடியோ நான்கையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். முதலில் விற்றவரிடமே எழுத்தில் புகார். ஆன்லைன் வணிக விதிகள் 2020இன்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேல் போக வேண்டியிருந்தால், கம்பெனி மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை.

பணத்தை வாங்கிக்கொண்டு நம்பரையே பிளாக் செய்துவிட்டாலோ, படத்தை வைத்து மிரட்டினாலோ ஒரு நிமிடமும் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், வீட்டில் என்ன சொல்வார்களோ என்று தள்ளிப் போடாதீர்கள், நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்துவது கஷ்டமாகிவிடும். பணம் திருப்பித் தருகிறோம், பின் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அதுவும் ஏமாற்றுதான். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை.

10. இரண்டாவது ஆலோசனை

குழந்தை சோறு சாப்பிட ஆரம்பித்துப் பால் குறையும்போது அளவு மறுபடி மாறும், பால் மறக்கடித்த பிறகு இன்னொரு தடவை மாறும். முதல் பட்டியலை வைத்து அப்போது வாங்காதீர்கள். முதல் தடவை பணம் கட்டும்போதே, ஒரு வருடத்துக்குள் திரும்ப வந்தால் எவ்வளவு குறைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். கேட்டால் பலரும் குறைக்கிறார்கள். வரும்போது புது அளவோடு, முதல் பட்டியலில் எது உதவியது எது உதவவில்லை என்று குறித்துக்கொண்டு வந்தால் அரை மணி நேரமே போதும், ஒரு மணி நேரக் கட்டணம் கட்ட வேண்டாம்.